"உப்பு கூடிருச்சு" என்றால் எந்த உப்பு?

சிறுநீரக நோயைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கினாலே ஒரு சொல்லில் தடுக்கி விழுகிறோம். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினால் "உப்பு கூடிருச்சு" என்கிறோம். சிறுநீரில் அல்புமின் தெரிந்தால் "யூரின்ல உப்பு போகுது" என்கிறோம். சாம்பாரில் போடுவதும் உப்புதான். மூன்றும் ஒன்றல்ல. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. அல்புமின் ஒரு புரதம். சமையல் உப்பு சோடியம் குளோரைடு. இவை ஒரே பெயரில் புழங்குவதால்தான், "எனக்கு உப்பு கூடியிருக்கு, இந்துப்புக்கு மாறிட்டேன்" என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டு பலர் நோயை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்துப்பிலும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான்.

என் பெரியம்மாவுக்கு இது நடந்தது. வயது 61, சர்க்கரை நோய் வந்து 18 வருடம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர் 48, அதாவது நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலையின் முதல் பாதி. சிறுநீரில் அல்புமின் கசிந்துகொண்டிருந்தது. பொட்டாசியம் 4.3, எந்தக் குறையும் சொல்ல முடியாத அளவு. ஒரு மருத்துவமனையில் "தவிர்க்க வேண்டியவை" என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். வாழைப்பழம், இளநீர், கீரை, தக்காளி, உருளைக்கிழங்கு, பருப்பு, முருங்கைக்காய், கொய்யா, கேழ்வரகு என்று நீண்டது பட்டியல். பெரியப்பா அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, வரி வரியாகக் கடைப்பிடித்தார். ஆறு வாரத்தில் பெரியம்மாவின் தட்டில் மிஞ்சியது வெள்ளைச் சோறு, நீர்த்த ரசம், கொஞ்சம் மோர். வாய்க்கு ருசி வேண்டுமே என்று நார்த்தங்காய் ஊறுகாயும் இரண்டு அப்பளமும். ரத்த அழுத்தம் 152-க்குப் போயிருந்தது.

அந்தத் தாள் முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். அது வேறொருவருக்கான தாள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் இ.ஜி.எஃப்.ஆர் 48 உள்ளவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுப்பதுதான் கோளாறு. எந்தத் தாது எந்தக் கட்டத்தில் கெடுக்கிறது, எப்படிக் கெடுக்கிறது என்று புரிந்துகொண்டால் தட்டில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பது தெளிவாகும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது சின்னஞ்சிறு வடிகட்டும் அலகுகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரைக் கிலோ வரும். அந்த ஒன்றரைக் கிலோவில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, நாம் அன்று சாப்பிட்ட சில கிராமை மட்டும் வெளியே விடவேண்டும். இதுபோன்ற கணக்கைப் பொட்டாசியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். நோயில் நெஃப்ரான்கள் ஒவ்வொன்றாகக் கருகிப்போனாலும் கணக்கு உடனே பிசகுவதில்லை. மிச்சமிருப்பவை கூடுதல் சுமையைத் தூக்குகின்றன. அதனால்தான் பாதித் திறன் போன பிறகும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் ரத்தப் பரிசோதனையில் நல்லபடியாகவே தெரியும். ஆனால் கூடுதல் சுமையும் கூடுதல் அழுத்தமும் மிச்சமிருக்கும் நெஃப்ரான்களையும் விரைவில் தேய்த்துவிடுகின்றன. நோய் முற்றுவது என்கிறோமே, அது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

சோடியத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் சான்று வலுவானது, நம் வீடுகளில் குறைவாகக் கண்டிக்கப்படுவதும் இதுதான்.

1934-ல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்த வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், 1939-லிருந்து சிறுநீரக நோயாளிகளுக்கும் கடுமையான ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஓர் உணவு முறையைக் கொடுத்துப் பார்த்தார். சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு கிடையாது. ரத்த அழுத்தத்துக்குச் சரியான மாத்திரையே இல்லாத காலம் அது. 1942-ல் வட கரோலினாவைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் இரண்டு வாரம் இதைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். அவருடைய ஜெர்மானிய உச்சரிப்பு புரியாமல் அந்தப் பெண் இரண்டு மாதம் அதையே சாப்பிட்டுவிட்டு வந்தார். வீங்கியிருந்த இதயம் சுருங்கியிருந்தது, விழித்திரையில் இருந்த ரத்தக்கசிவு மறைந்திருந்தது. புரதம் மிகக் குறைந்த அந்த உணவை இன்று யாரும் அப்படியே பின்பற்றக் கூடாது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: பழமும் சோறும்தான் அந்தத் தட்டில் இருந்தன, உப்புதான் இல்லை. என் பெரியம்மாவின் தட்டு அதற்கு நேர் தலைகீழ்.

இப்போதைய மருத்துவத்துக்கு வருவோம். அல்புமின் கசியும் சிறுநீரக நோயாளிக்குப் பெரும்பாலும் ராமிப்ரில், லிசினோப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான் வகையில் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். நெஃப்ரானின் வடிகட்டிக்கு ரத்தம் வரும் குழாய் ஒன்று, போகும் குழாய் ஒன்று. போகும் குழாயை ஆஞ்சியோடென்சின் என்ற சுரப்பு இறுக்கிப் பிடிக்கும்போது வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறும். மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. அழுத்தம் இறங்குகிறது, புரதக் கசிவு குறைகிறது. உடம்பில் உப்பு நிறைந்திருந்தால் இந்த மாத்திரை பாதி வேலைதான் செய்யும். உப்போடு நீரும் தங்கி, அழுத்தம் வேறு வழியில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இதை அழகாகக் காட்டியது 2011-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு. ஏற்கெனவே லிசினோப்ரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த, சர்க்கரை நோய் இல்லாத 52 சிறுநீரக நோயாளிகள். இரண்டாவதாக இன்னொரு மாத்திரையைச் சேர்த்தபோது புரதக் கசிவு 21 சதவீதம் குறைந்தது. மாத்திரை சேர்க்காமல் உப்பை மட்டும் குறைத்தபோது 51 சதவீதம் குறைந்தது. அவர்கள் உப்பை அறவே விட்டுவிடவில்லை. நாளுக்குச் சுமார் 11 கிராமிலிருந்து 6 கிராம் சுற்றளவுக்கு வந்தார்கள், அவ்வளவுதான். 2013-ல் ஆஸ்திரேலியாவில் 20 பேரிடம் நடந்த சிறு ஆய்வில், உப்பைக் குறைத்தபோது மேல் அழுத்தம் 10 புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலன் அது. இத்தாலியில் ராமிப்ரிலை வைத்து 1990-களில் நடந்த ரெய்ன் ஆய்வின் தரவுகளைப் பின்னர் அலசியபோது, உப்பு மிக அதிகம் உண்டவர்கள் டயாலிசிஸ் கட்டத்தை எட்டிய வேகம் குறைவாக உண்டவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று தெரிந்தது. எல்லோரும் சாப்பிட்டது ஒரே மாத்திரை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளுக்கு 5 கிராம் உப்புக்குள். அதில் சோடியம் 2 கிராம். சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதலும் 2 கிராம் சோடியத்துக்குள் என்றே சொல்கிறது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் ஒருவர் உண்ணும் சராசரி 8 முதல் 11 கிராம் வரை வருகிறது. ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி, மட்டமாகத் தட்டியது.

பெரியம்மாவை அப்புறம் வேறொரு இடத்தில் உணவு ஆலோசகரிடம் அழைத்துப்போனோம். அவர் முதலில் கேட்டது கிரியாட்டினினை அல்ல. "வீட்ல எத்தனை பேரும்மா? ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தனை நாளைக்கு வருது?" வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 20 கிராம். ஒரு பாக்கெட் 50 நாள் வரவேண்டும். பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாசத்துக்கு ஒண்ணு வாங்குவேன், சில மாசம் ரெண்டு" என்றார். அது சமையலுக்குப் போகும் உப்பு மட்டும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர், பிஸ்கட், பிரெட் எல்லாம் இதற்கு வெளியே. ஆலோசகர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தில் ஊறுகாய் இல்லை. அப்பளம் இல்லை. பின்பக்கம் கீழே "உப்பு குறைக்கவும்" என்று இரண்டு சொல் இருந்தது.

இனிப் பொட்டாசியம். இதைப் பற்றிய பயம் நியாயமானதுதான். ரத்தத்தில் இது 3.5-க்கும் 5-க்கும் இடையில் நிற்கவேண்டும். 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பின் மின்னோட்டம் குழம்பும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றும் போகலாம். கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் ஒரு வேளை அசட்டையில் உயிரை இழந்ததுண்டு. ஆனால் கடைசிக் கட்டத்தில் இப்படி ஆபத்தாக நிற்கும் இதே பொட்டாசியம் முதல் கட்டங்களில் நண்பன். உணவில் பொட்டாசியம் கூடினால் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியே விடுகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. அதில் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. கடைகளில் "குறைந்த சோடியம்" என்று விற்கும் உப்புகளில் பலவும் இந்த வகை. சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. 2025 ஜனவரியில் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலும் அவர்களை விலக்கியே பேசுகிறது. உப்பைக் குறைக்கிறோம் என்று நினைத்து இதற்கு மாறுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

வடிகட்டும் திறன் குறையும்போது மிச்சமிருக்கும் நெஃப்ரான்கள் ஒவ்வொன்றும் கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றப் பழகிக்கொள்கின்றன, பெருங்குடலும் தன் பங்குக்கு உதவுகிறது. இ.ஜி.எஃப்.ஆர் 20-க்குக் கீழே இறங்கும்வரை பலருக்குப் பொட்டாசியம் ஏறுவதில்லை. நடுவில் ஏறினால் அதற்குப் பழம் மட்டுமே காரணமாக இருப்பது அரிது. அதே ராமிப்ரில், டெல்மிசார்டான் வகை மாத்திரைகளும் ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் வெளியேற்றும் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும். நெடுநாள் சர்க்கரை நோய் ஏற்றும். ரத்தத்தில் அமிலம் கூடினால் ஏறும். மலச்சிக்கல்கூட ஏற்றும், பெருங்குடல் வழி அடைபடுவதால். ரத்தம் எடுக்கும்போது கையை மூடித் திறந்து, மூடித் திறந்து அழுத்தினாலும், எடுத்த ரத்தம் குழாயில் சிதைந்தாலும் இல்லாத பொட்டாசியம் தாளில் ஏறித் தெரியும். அதனால் கூடுதலாக வந்த முடிவைச் சில நேரம் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

அதற்காகக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நெதர்லாந்தில் மூன்றாம் நிலையின் பின்பாதியிலும் நான்காம் நிலையிலும் இருந்த 191 பேருக்கு இரண்டு வாரம் பொட்டாசியம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் தாங்கினார்கள். 11 சதவீதம் பேருக்கு அளவு மீறியது. வயதானவர்களும், தொடங்கும்போதே பொட்டாசியம் மேல்வரம்பில் இருந்தவர்களும்தான் அதில் அதிகம். யாருக்கு, எப்போது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

கட்டுப்பாடு தேவைப்படுகிறவர்களுக்கு நம் சமையலிலேயே வழி இருக்கிறது. காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுப் பொரியல் செய்தால் பொட்டாசியத்தில் பாதியளவோ அதற்கு மேலோ போய்விடும். வெறும் ஊறவைத்தலால் அவ்வளவு போகாது, கொதிக்கவேண்டும். குக்கரில் மூன்று விசில் வைத்து அதே தண்ணீரோடு மசித்தால் ஒன்றும் போகாது. கஞ்சி வடித்த சோற்றை "சத்து போச்சு" என்று குறைசொல்வோம், இந்த நோயாளிக்கு அது ஒரு வசதி. காபி, இளநீர், பழச்சாறு, சூப் போன்ற திரவங்களில் பொட்டாசியம் முழுதாகக் கரைந்து வருகிறது என்பதால் அவற்றைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஓர் இளநீரில் 600 மில்லிகிராம்கூட இருக்கும். சிறுநீரகக் கல்லுக்கென்று தினமும் வாழைத்தண்டுச் சாறு குடிக்கும் வழக்கமும் இதில் சேரும். கல் வேறு, சிறுநீரகச் செயலிழப்பு வேறு. கல்லுக்கு யாரோ சொன்னதைச் செயலிழப்புக்குக் குடிப்பது ஆபத்து. நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரகம் பழுதானவர்கள் ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது. அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கி விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

காய்கறியை மொத்தமாக விலக்குவதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. இறைச்சியும் தானியங்களும் உடம்பில் அமிலத்தை மிச்சம் வைக்கின்றன, பழமும் காயும் அதைச் சமன்செய்கின்றன. அமிலத்தை வெளியேற்ற முடியாமல் திணறும் சிறுநீரகம் அதனாலேயே வேகமாகத் தேய்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் நிம்ரித் கொராயாவும் டொனால்ட் வெஸனும், மூன்றாம் நிலை நோயாளிகள் 108 பேரை மூன்று குழுவாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு குழுவுக்குச் சோடா உப்பு மாத்திரை, ஒரு குழுவுக்குக் கூடுதல் காய், பழம், ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2014-ல் வந்த முடிவின்படி முதல் இரண்டு குழுவிலும் சிறுநீரகத் திறன் குறைவது மட்டுப்பட்டது. பொட்டாசியம் ஏறக்கூடியவர்களை முன்கூட்டியே விலக்கிவிட்டுத்தான் இதைச் செய்தார்கள். மாத்திரை செய்த வேலையைக் கத்தரிக்காயும் கொய்யாவும் செய்யக்கூடும் என்றால், அதைச் சோதிக்காமலே தட்டிலிருந்து தூக்குவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

பாஸ்பரஸ் இன்னும் பேசப்படாத ஒன்று. நிறை கூடாது, மூச்சு வாங்காது, வலிக்காது. நெஃப்ரான்கள் குறைய ஆரம்பித்த உடனே எலும்பு எஃப்.ஜி.எஃப்-23 என்ற சுரப்பைக் கூடுதலாக விடுகிறது. "பாஸ்பேட்டை வெளியே தள்ளு" என்று சிறுநீரகத்துக்கு இடும் கட்டளை அது. (உடம்பில் பாஸ்பரஸ் பெரும்பாலும் இருக்கும் வடிவம்தான் பாஸ்பேட்.) அதனால் ரத்தத்தில் பாஸ்பரஸ் பல ஆண்டுகள் சரியாகவே தெரியும். அதற்கு விலையாக எஃப்.ஜி.எஃப்-23 ஏறிக்கொண்டே போய் இதயத் தசையைத் தடிக்கவைக்கிறது, வைட்டமின் டி-யின் செயல்வடிவத்தைக் குறைக்கிறது. ரத்தத்தில் பாஸ்பேட் கூடும் கட்டம் வரும்போது ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிய ஆரம்பித்திருக்கும். முன்னே சொன்ன ரெய்ன் ஆய்வின் தரவுகளிலேயே இன்னொன்றும் தெரிந்தது: பாஸ்பேட் மேல்பக்கம் இருந்தவர்களுக்கு நோய் வேகமாக முற்றியது, ராமிப்ரிலின் காப்பும் மங்கியது. சோடியமும் பாஸ்பேட்டும் போய் அடிப்பது ஒரே மாத்திரையை.

இங்கே பருப்புக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லவேண்டும். பருப்பில் பாஸ்பரஸ் நிறைய என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் நொதி மனிதக் குடலில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் பாதியோ அதற்கும் குறைவோதான் ரத்தத்தில் சேரும். (முளைகட்டினாலும் மாவைப் புளிக்கவைத்தாலும் பூட்டு ஓரளவு திறந்துகொள்ளும்.) இறைச்சி, பாலிலிருந்து அதைவிடக் கூடுதலாகச் சேரும். தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ 90 சதவீதத்துக்கு மேல் அப்படியே உள்ளே போய்விடும். 2011-ல் ஷாரன் மோ குழுவினர் ஒன்பது நோயாளிகளுக்கு ஒரு வாரம் சைவ உணவு, ஒரு வாரம் இறைச்சி உணவு கொடுத்தார்கள். இரண்டிலும் பாஸ்பரஸ் அளவு சமம். சைவ வாரத்தில் ரத்தப் பாஸ்பரஸும் எஃப்.ஜி.எஃப்-23-ம் குறைவாக இருந்தன. ஒன்பது பேர்தான், சிறிய ஆய்வுதான். ஆனாலும் பருப்பை முதல் வரியில் போட்டுவிட்டுப் பொட்டல உணவை மறந்த தாளுக்கு அது நல்ல பதில்.

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் அமிலத்தன்மை சீராக்கி, நிலைப்படுத்தி என்று ஏதோ எழுதி, அடைப்புக்குள் எண்கள் இருக்கும். 338 என்றால் பாஸ்பாரிக் அமிலம், கருநிறக் குளிர்பானத்தில் இருப்பது. 339, 340, 341, 450, 451, 452 எல்லாம் பாஸ்பேட் உப்புகள். உடனடி நூடுல்ஸ், தடவும் சீஸ், பதப்படுத்திய இறைச்சி, சில கேக் மாவுகளில் இவை வரும். எத்தனை மில்லிகிராம் என்று எழுதமாட்டார்கள், எண் இருப்பதே எச்சரிக்கை. பெரியம்மா வீட்டு அலமாரியில் நாங்கள் தேடியபோது நூடுல்ஸ் மசாலாப் பொட்டலத்தில் ஒன்று, பேரன் வாங்கிவைத்த சீஸ் டப்பாவில் மூன்று கிடைத்தன.

கால்சியத்தை எலும்புக்கு நல்லது என்று தானாக வாங்கிச் சாப்பிடவேண்டாம். நடுத்தர நிலை நோயாளிகளிடம், கால்சியம் மாத்திரை உட்பட, பாஸ்பேட்டைப் பிடிக்கும் மாத்திரைகளைச் சோதித்த 2012 ஆய்வில், பாஸ்பேட் சிறிதளவே இறங்கியது, ரத்தக்குழாயில் சுண்ணாம்புப் படிவம் கூடவே செய்தது. மெக்னீசியம் குறைந்தவர்களுக்கு நோய் வேகமாக முற்றுவதாகக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் நெஞ்செரிச்சலுக்கும் மலச்சிக்கலுக்கும் குடிக்கும் சில மருந்துகளில் மெக்னீசியம் ஏராளம், பழுதான சிறுநீரகத்தில் அது தங்கிவிடும்.

தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். இலங்கையின் வட மத்திய மாகாணத்தில், அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி நெல் விவசாயிகளிடம் 1990-களிலிருந்து சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமல் சிறுநீரக நோய் பரவியது. கிணற்று நீரின் கடினத்தன்மை, அதோடு சேர்ந்த ஃபுளோரைடு, பூச்சிமருந்து, வெயிலில் உடல் வற்றுவது என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன, ஒன்று மட்டுமே என்று நிறுவப்படவில்லை. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே புதிர். ஃபுளோரைடை வெளியேற்றுவதும் சிறுநீரகம்தான் என்பதால், தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஃபுளோரைடு மிகுந்த இடங்களில் சிறுநீரக நோயாளிகள் குடிநீரைச் சோதித்துக்கொள்வது நல்லது. ஆனால் வீட்டில் ஆர்.ஓ. மாட்டிவிட்டு ஊறுகாயைத் தொடர்வதில் பயனில்லை.

பெரியம்மா வீட்டில் அந்தத் தாள் இன்னும் அதே கதவில்தான் ஒட்டியிருக்கிறது. கீரை, தக்காளி, பருப்பு, கொய்யா நான்கும் பென்சிலால் அடிக்கப்பட்டிருக்கின்றன. பென்சில் ஏன் என்று கேட்டேன். "மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாக்கறோம்ல, பொட்டாசியம் ஏறுச்சுன்னா அழிச்சுட்டுத் திரும்ப எழுதிக்கலாம்" என்றார் பெரியப்பா. மேலே பேனாவால் புதிதாக இரண்டு வரி எழுதியிருந்தார்: ஊறுகாய், அப்பளம். உப்பு டப்பாவின் மூடியில் பாக்கெட் பிரித்த தேதி இருந்தது. போன முறை 41 நாள் வந்ததாம்.